பெட்டியில் எழுதியிருந்த 4கே

ஒரு வருடமாக, திருகோணமலையின் திருக்கடலூரில் சித்தப்பா வீட்டுக்குப் போகும்போதெல்லாம் அவருடைய ரீவிக்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான் உட்காருவேன். அந்த ரீவியை எடுக்கச் சொன்னது நான். கடைக்குக் கூட்டிக்கொண்டு போனதும் நான். "பிள்ளைக்குத்தான் இதெல்லாம் தெரியும்" என்று சித்தியிடம் சொல்லிவிட்டு அவர் என் ஸ்கூட்டிக்குப் பின்னால் ஏறி உட்கார்ந்தது இன்னும் ஞாபகம் இருக்கிறது. அவர் நம்பியதிலும் பிழை இல்லை. கல்யாண அல்பம் வடிவமைப்பது என் தொழில். காலையிலிருந்து இரவு வரை பிக்சலோடுதான் சீவியம். மணப்பெண்ணின் மூக்குத்திக் கல் எத்தனை புள்ளியில் விழுந்திருக்கிறது என்று கேட்டாலும் எண்ணிச் சொல்வேன். அப்படிப்பட்ட நான், ஒரு கடதாசிப் பெட்டியில் இருந்த ஓர் எண்ணையும் ஓர் எழுத்தையும் நம்பி ஏமாந்துபோனேன்.

திருகோணமலை நகருக்குள் ஒரு கடை. பெயர் வேண்டாம். 40 அங்குலம், கேள்விப்படாத ஒரு பெயர், பெட்டியின் முகப்பில் தங்க நிறத்தில் பெரிதாக "4கே", அதாவது படத்தை மிக நுணுக்கமான புள்ளிகளால் காட்டும் திரை என்று. மற்ற இடங்களில் சொன்ன விலையில் பாதிக்குக் கொஞ்சம் மேல். இப்போது யோசித்தால் அங்கேயே மணி அடித்திருக்க வேண்டும். இந்தக் காலத்தில் 40 அங்குலத்தில் 4கே பனல் (திரைத் தகடு) கிடைப்பதே அபூர்வம், வழக்கமாக 43 இலிருந்துதான் தொடங்கும். அன்றைக்கு அது எனக்கு உறைக்கவில்லை. கடைத் திரையில் ஒரு தோடம்பழத்தைக் குறுக்கே வெட்டினார்கள், சாறு தெறித்தது, ஒரு பச்சைக்கிளி கண்ணைச் சிமிட்டியது. சித்தப்பா "வடிவாத்தான் இருக்கு" என்றார். நானும் தலையை ஆட்டினேன். அந்தத் தோடம்பழம் எந்த ரீவியிலும் வடிவாகத்தான் இருக்கும். அதற்காகவே எடுக்கப்பட்ட படம் அது.

உண்மை வெளியானது மச்சாளின் கல்யாணத்துக்குப் பிறகு. அல்பம் வீடியோவை 4கேயில் செய்து பென்டிரைவில் போட்டுக்கொண்டு போனேன், எல்லாருமாக இருந்து பார்ப்பதற்கு. அழைப்பிதழை நெருக்கமாகக் காட்டும் ஓரிடத்தில் பெரியப்பாவின் பெயருக்குப் பின்னால் வரும் சின்ன எழுத்துகள் என் கணினியில் கண்ணாடி மாதிரி இருக்கும். சித்தப்பாவின் ரீவியில் அவை எறும்புக் கூட்டமாகக் கிடந்தன. திரைக்குப் பக்கத்தில் போய்ப் பார்த்தேன். எழுத்தின் வளைவுகள் படிக்கட்டு மாதிரி ஏறி இறங்கின. அடுத்த நாள் 3840×2160 அளவில், ஒரு பிக்சல் கறுப்பு ஒரு பிக்சல் வெள்ளையாகக் கோடுகள் மட்டும் உள்ள ஒரு வீடியோ செய்து கொண்டுபோனேன். (இதைப் புகைப்படமாகப் போட்டுப் பார்க்கக் கூடாது. நல்ல 4கே ரீவிகள் சிலவும் புகைப்படத்தையும் மெனுவையும் 1080 வரியில்தான் காட்டும். வீடியோவைத்தான் முழு அளவில் காட்டும்.) உண்மையான 4கே என்றால் கிட்டப் போனதும் மயிர்க்கோடுகள் தனித்தனியாகத் தெரிய வேண்டும். இங்கே முழுத் திரையும் சாம்பல் பூசிய சுவராக நின்றது, நடுவில் அலை அலையாக ஏதோ நெளிந்தது.

சித்தி எந்தப் பெட்டியையும் எறிவதில்லை. அலுமாரிக்கு மேலிருந்து அதை இறக்கி, தூசி தட்டி, ரோச் அடித்துப் பார்த்தேன். முகப்பில் "4கே" என்ற எழுத்துக்குக் கீழே, தங்கப் பட்டியின் ஓரத்தோடு ஒட்டினாற்போல், "சப்போர்ட்" என்று ஒரு சொல். பெட்டியின் அடிப்பக்கத்து அட்டவணையில் தீக்குச்சித் தலை அளவு எழுத்தில் பனல் 1366×768. பெருக்கிப் பார்த்தால் பத்தரை லட்சம் பிக்சல். 4கே என்றால் கிட்டத்தட்ட 83 லட்சம். எட்டில் ஒரு பங்குதான் வீட்டுக்கு வந்திருக்கிறது. "சப்போர்ட்" என்பதன் பொருள் இவ்வளவுதான்: 4கே கோப்பைக் கொடுத்தால் ரீவி மறுக்காது, வாங்கி, சுருக்கி, தன்னிடம் உள்ள பத்தரை லட்சத்தில் காட்டும்.

கடைக்குப் போனேன். பொடியன் மரியாதையாகத்தான் பேசினான். "அக்கா, சப்போர்ட் எண்டுதானே போட்டிருக்கு. நாங்க பொய் சொல்லேல்லையே." அதுதான் எரிச்சல். அவன் சொன்னதில் பொய் இல்லை.

கதிரையிலிருந்து சுவர் வரை

விஷயத்தைச் சித்தப்பாவிடம் சொல்லப் பல நாள் தள்ளிப்போட்டேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் போய், மனதைத் திடப்படுத்திக்கொண்டு, பெட்டியையும் காட்டி, கணக்கையும் சொன்னேன். அவர் கண்ணாடியைப் போட்டு அந்த அட்டவணையை வாசித்தார். அப்புறம் எழும்பி ரீவிக்குக் கிட்டப் போய், மூக்கு முட்டுகிற தூரத்தில் நின்று என் கோட்டு வீடியோவைப் பார்த்தார். அழைப்பிதழையும் பார்த்தார். "ஓம், சதுரம் சதுரமாத்தான் கிடக்கு." திரும்பி வந்து தன் கதிரையில் உட்கார்ந்து மறுபடி பார்த்தார். கொஞ்ச நேரம் பேசவில்லை.

"பிள்ளை, இங்க இருந்து பாத்தா எனக்கு ஒண்டும் தெரியேல்லையே."

அவருடைய கண் சரியில்லை என்றுதான் முதலில் நினைத்தேன். வயது எழுபதைத் தாண்டிவிட்டது. அவரை எழுப்பிவிட்டு நானே அந்தக் கதிரையில் உட்கார்ந்தேன். எனக்கும் தெரியவில்லை. அழைப்பிதழ் எழுத்து வாசிக்க முடியாமல்தான் இருந்தது, ஆனால் அந்தத் தூரத்தில் அது நல்ல ரீவியிலும் வாசிக்க முடியாத சின்ன எழுத்து. படிக்கட்டுகளைக் காணோம்.

சித்தப்பா கடலோடப் போனவர் அல்ல. கடலுக்குப் போகிறவர்களின் வெளியிணைப்பு எஞ்சின் திருத்துகிறவர். எதையும் அளக்காமல் விட மாட்டார். கொட்டிலுக்குள் போய் இரும்பு ரேப்பை எடுத்துக்கொண்டு வந்தார். நான் ஒரு நுனியைத் திரையில் பிடித்தேன், அவர் மறு நுனியைக் கதிரையின் தலைப்பக்கத்தில் பிடித்தார். ஒன்பது அடி. ரீவி வாங்கிய பில்லின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டேன். குறைபாடில்லாத கண் ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்கைப் பிரித்தறியும் என்பது கண் வைத்தியர்களின் கணக்கு. அந்த 40 அங்குலத் திரையில் ஒரு பிக்சல் ஏறக்குறைய 0.65 மில்லிமீற்றர் அகலம். அது தனியாகத் தெரிவது சுமார் ஏழே கால் அடிவரைதான். ஒன்பது அடியில் உட்கார்ந்திருக்கிறவருக்கு 768 வரியும் ஒன்றுதான், 2160 வரியும் ஒன்றுதான். அதே அளவுத் திரையில் 4கேயின் முழுப் பலனும் வேண்டுமென்றால் கதிரையை இரண்டரை அடிக்குக் கொண்டுவர வேண்டும். ரீவியை மடியில் வைத்துக்கொண்டு பார்க்கிற தூரம் அது.

"அப்ப நான் இதில என்ன குறை கண்டனான் எண்டு நீ கேக்கேல்லையே" என்றார்.

கேட்கவில்லை. ஒரு வருடமாகக் கேட்கவே இல்லை. அவர் அடுக்கினார். காலையில் செய்தி பார்க்கும்போது கடற்கரைப் பக்கத்து வாசலால் வெளிச்சம் நேரே திரையில் விழுகிறது, வாசிக்கிறவரின் முகத்துக்குப் பதிலாகத் தன் முகம்தான் தெரிகிறது. அவருடைய கதிரை திரைக்கு நேரே இல்லை, யன்னலோரமாகச் சரிவில் இருக்கிறது. அங்கிருந்து பார்த்தால் கறுப்பெல்லாம் பால் ஊற்றின மாதிரி வெளிறிக் கிடக்கிறது. கிரிக்கெட் கொமன்ரி காதில் ஏறவில்லை, சத்தத்தைக் கூட்டினால் தகரத்தில் கல்லுப் போட்ட மாதிரி அதிர்கிறது. அன்ரெனாவில் வரும் செய்தி பழைய ரீவியில் இருந்த அளவுக்குக்கூட இல்லை. நாலு குறை. நாலில் ஒன்றுக்கும் நான் கோபப்பட்டுக்கொண்டிருந்த அந்த எண்ணோடு சம்பந்தம் இல்லை.

அன்றிரவு எனக்குச் சரியாக நித்திரை இல்லை. ஒரு பொருளில் இல்லாததை இருப்பதாகக் காட்டி விற்றார்கள். ஆனால் வாங்கியவருக்கு அந்த இல்லாமை தெரியவில்லை, தெரியவும் முடியாது. அப்படியானால் அவர் எதை இழந்தார்? கடைக்காரன் பக்கம் பேசுகிறேனோ என்று ஒரு கூச்சம். என் தொழிலின் கோபத்தைச் சித்தப்பாவின் கோபமாக நினைத்துக்கொண்டேனோ என்று இன்னொரு பக்கம்.

பென்டிரைவோடு இரண்டாவது தடவை

அந்த ரீவியைக் கொட்டிலுக்கு மாற்றிவிட்டு வேறொன்று எடுப்பது என்று முடிவானது. பாதிக் காசு நான் போடுகிறேன் என்று அடம்பிடித்தேன். இந்த முறை கடைக்குப் போகுமுன் வீட்டைத்தான் பார்த்தோம். ஒன்பது அடிக்கு எந்த அளவு பொருந்தும் என்று திரையரங்குகளுக்குச் சொல்லப்படும் 30 பாகைக் கணக்கில் பார்த்தால் 66 அங்குலம் வருகிறது. சித்தப்பா சிரித்தார். அந்தச் சுவரில் அப்பப்பாவின் படம், கோணேசர் படம், நாட்காட்டி எல்லாம் இருக்கின்றன. 50 என்று நின்றோம். இந்த அளவில் இப்போது கடைகளில் இருப்பதெல்லாம் பெரும்பாலும் 4கேதான், ஆகவே அந்த எண் கேட்காமலே வந்து சேர்ந்தது. இருந்தாலும் என் கோட்டு வீடியோவை விடவில்லை. கடையில் போட்டு, கைபேசிக் கமராவைத் திரையோடு ஒட்டிவைத்துப் பெரிதாக்கிப் பார்த்தேன். மயிர்க்கோடுகள் தனித்தனியாக நின்றன. சரி, அந்தக் கணக்கு முடிந்தது.

பென்டிரைவில் இரண்டாவதாக வைத்திருந்தது நானே கைபேசியில் எடுத்த படம்: பொழுது படுகிற நேரத்தில் கோணேசர் மலையும் கீழே கடலும். இதை எல்லாருக்கும் சொல்வேன். உங்களுக்கு நிறம் தெரிந்த ஒன்றைக் கொண்டுபோங்கள். கடையின் கிளி என்ன பச்சை என்று யாருக்குத் தெரியும்? எங்கள் கடலின் நிறம் எங்களுக்குத் தெரியும். அந்தக் கடையில் வரிசையாக நின்ற ஆறு ரீவியிலும் அது மாலைதீவு விளம்பரம் மாதிரி நீலப்பச்சையாக எரிந்தது. பாறை ஆரஞ்சாக இருந்தது. கடைகளில் ரீவியைப் பளீர் என்று காட்டும் ஒரு நிலையில் விட்டிருப்பார்கள், பகல் வெளிச்சத்தில் பத்து ரீவிக்கு நடுவில் கண்ணை இழுப்பதற்காக. ரிமோட்டை வாங்கி 'சினிமா' நிலைக்கு மாற்றச் சொன்னேன். ஒவ்வொன்றாகக் கடல் எங்கள் கடலானது. இரண்டில் ஆகவில்லை. அதோடு அந்த இரண்டிலும் இருட்டுகிற வானம் ஒரே சீராக மங்காமல், பட்டை பட்டையாகப் படிந்து நின்றது. அவற்றை அங்கேயே கழித்துவிட்டோம்.

மிச்சம் நாலு. சித்தப்பா யாரையும் கேட்காமல் கடையின் ஓரத்துக்குப் போய், வீட்டுக் கதிரை இருக்கிற சரிவில் நின்றார். ஒன்றின் கறுப்பு நேரே நின்று பார்த்தால் மை மாதிரி இருந்தது, சரிவிலிருந்து பார்த்தால் வெளிறியது. மற்றொன்றின் கறுப்பு நேரிலேயே கொஞ்சம் சாம்பல், ஆனால் எந்தப் பக்கம் போனாலும் முகங்கள் அப்படியே இருந்தன. முதலாவது விஏ என்று சொல்லும் பனல், இரண்டாவது ஐபிஎஸ். விஏயில் வெள்ளைக்கும் கறுப்புக்கும் உள்ள விகிதம் 3000க்கு 1 அளவில் இருக்கும், ஐபிஎஸ்ஸில் 1000க்கு 1 பக்கத்தில். காகிதத்தில் பார்த்தால் முதலாவதுதான் வெல்லும். இரவில் விளக்கை அணைத்துவிட்டு நேரே உட்கார்ந்து படம் பார்க்கிற வீடென்றால் நானும் அதைத்தான் எடுக்கச் சொல்வேன். சித்தப்பா பகலில், வாசலைத் திறந்துவைத்து, சரிவிலிருந்து செய்தி பார்க்கிறவர். அவர் இரண்டாவதைக் கையால் தட்டினார். எந்தப் பனல் என்பது பெட்டியில் எழுதியிருக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். சரிவில் நின்று பார்ப்பதுதான் வழி.

எச்டிஆர் பற்றிக் கடைக்காரர் நிறையச் சொன்னார். இந்த விலையில் அதுவும் ஒரு "சப்போர்ட்" தான். வெளிச்சத்துக்கும் இருட்டுக்கும் நடுவே உள்ள தூரத்தை அகட்டிக் காட்டுவது எச்டிஆரின் வேலை. அதற்குத் திரை பிரகாசமாக எரிய வேண்டும். மலிவு ரீவிகள் பல 250, 300 நிற்ஸோடு (பிரகாசத்தை அளக்கும் அலகு) நின்றுவிடும், வித்தியாசம் கண்ணுக்குத் தெரிய அதைப்போல் இரண்டு மடங்காவது தேவை. கேட்டுக்கொண்டோம், காசு கூட்டவில்லை.

நான் அதிகம் நேரம் நின்றது உள்ளே என்ன வருகிறது என்பதில். அன்ரெனாவில் வருவது 1982இல் ரூபவாஹினி தொடங்கிய காலத்து 625 வரி முறைப் படம், அதில் கண்ணுக்குத் தெரிவது 576 வரி. அதை 2160 வரியாக இழுக்க வேண்டும். ஒரு வரியைக் கிட்டத்தட்ட நாலு வரியாக ரீவி தானே கற்பனை செய்து நிரப்புகிறது. தோசைமாவில் தண்ணீர் விட்டுப் பெருக்குவது போலத்தான். நல்ல ரீவி பெருக்கினதைத் தெரியாமல் பெருக்கும், கெட்டது முகங்களை மெழுகாக்கும். பழைய சின்ன ரீவியில் செய்தி நன்றாக இருந்ததாகச் சித்தப்பா சொன்னது பிரமை இல்லை, அங்கே இழுக்க வேண்டியிருக்கவில்லை. ஆகவே கடைக்காரரிடம் தோடம்பழத்தை நிறுத்திவிட்டு ஒரு உள்ளூர்ச் சனலைப் போடச் சொன்னேன். முகம் கோணினார், போட்டார். நாலு ரீவிக்கும் இடையே உண்மையான வித்தியாசம் தெரிந்த நேரம் அதுதான். 4கேயாகவே உள்ளே வர ஒரு வழி இணையம். நெட்ஃபிளிக்ஸ் தன் 4கேக்கு வினாடிக்கு 15 மெகாபிட் வேகம் கேட்கிறது, மணிக்கு 7 ஜிபி வரை விழுங்கும். சித்தப்பா வீட்டில் இருப்பது 4ஜி ரவுட்டர். 40 ஜிபி போட்டால் ஆறு மணித்தியாலத்தில் காலி. "மாதத்துக்கு ரெண்டு படம்" என்று அவர் கணக்கை முடித்துவிட்டார். அதுவும், ரீவிக்குள் இருக்கும் மென்பொருள் முறையாக அனுமதி பெற்றதாக இல்லாவிட்டால் நெட்ஃபிளிக்ஸ் எச்டியில்கூட ஓடாது. பெட்டியில் "அண்ட்ரொய்ட்" என்று இருந்தால் போதாது, கடையிலேயே திறந்து ஓடவைத்துப் பார்க்க வேண்டும்.

சத்தத்துக்கு எந்த ரீவியும் உதவவில்லை. மெல்லிய ரீவிக்குள் ஸ்பீக்கருக்கு இடம் எங்கே? சித்தப்பாவின் பழைய ஸ்டீரியோ பெட்டியை ஒரு வயரால் இணைத்தோம், பிரச்சினை முடிந்தது. சுவரில் பொருத்த வந்த ஆணிகளுக்கு அவரே கிறீஸ் பூசினார். அவருடைய வீட்டுக்கும் கடலுக்கும் நடுவில் ஒரு ஒழுங்கையும் நாலு தென்னையும்தான், உப்புக்காற்று எந்த இரும்பையும் விட்டுவைக்காது. எச்டிஎம்ஐ துளைகளைச் சும்மா இருக்கும்போது மூடிவைக்கவும் ஏதோ ரப்பர் வெட்டினார். வாசல் வெளிச்சத்துக்குச் சித்தி ஒரு பழைய சேலையைத் திரையாகத் தைத்தார். ஐப்பசியில் இடி முழங்கத் தொடங்கினால் அன்ரெனா வயரைக் கழற்றிவிடுவது அவர்களுக்கு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை.

9.9உம் 15உம்

புது ரீவி வந்த பிறகும் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. ஒரு நாள் கொட்டிலில் அவர் எஞ்சின் ஒன்றைப் பிரித்துப் போட்டிருந்தபோது கேட்டேவிட்டேன். "உங்களுக்குத் தெரியாத குறைக்காக நான் ஏன் சண்டைக்குப் போக வேணும்?"

அவர் கையைத் துடைக்காமலே எஞ்சினின் மூடியைக் காட்டினார். "இதில 15 எச்பி எண்டு போட்டிருக்கு. 9.9 எண்டும் ஒண்டு இருக்கு. சில மொடலில ரெண்டுக்கும் உடம்பு ஒண்டுதான். மூடியைக் கழட்டி காபரேற்றரைப் பாத்தாத்தான் வித்தியாசம். 9.9ஐ 15 எண்டு ஸ்டிக்கர் ஒட்டி வித்தா, கடல் குளம் மாதிரிக் கிடக்கேக்க வாங்கினவனுக்குத் தெரியவே தெரியாது. வாடைக்காலம் சுமையோட கரைக்கு வரேக்கதான் தெரியும்."

"தெரியாமலே போனா?"

"போனாலும் நான் மூடியைக் கழட்டிக் காட்டுவன். அவன் குடுத்த காசு 15க்கு."

பழைய ரீவி அந்தக் கொட்டிலில்தான், எஞ்சின்களுக்கு நடுவே ஒரு மேசையில் ஓடிக்கொண்டிருந்தது. கிரிக்கெட். மேசைக்கும் அவர் குந்தியிருந்த பலகைக்கும் நடுவே நாலடி இருக்கும். அங்கிருந்து சதுரங்கள் எனக்கு நன்றாகவே தெரிந்தன, அவருக்கும் தெரிந்திருக்கும். திரையின் கீழ்மூலையில் தங்க நிற "4கே" ஸ்டிக்கர் இருந்த இடம் வெறுமையாக இருந்தது. பிளேட்டால் சுரண்டியிருக்கிறார். ஒட்டுப்பசை மட்டும் நாலு மூலையாகப் போகாமல் நின்றது. பேசி முடித்ததும் ஒரு துணியில் மண்ணெண்ணெய் தொட்டு அதைத் தேய்க்கத் தொடங்கினார்.